வண்டி வாசல்: பெட்ரோலா, டீசலா?

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. தீபாவளிக்கு முன்பே வண்டி எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது, பெட்ரோல் எடுப்பதா டீசல் எடுப்பதா என்பதுதான் முடிவாகவில்லை என்று தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே டயர், பேட்டரி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் இன்ஜினுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, நான் பாலக்கோட்டில் குடியிருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை. பள்ளி 11 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை சேலத்தில் இருக்கும் பெற்றோரைப் பார்த்து வருவோம். நான் பார்த்து வைத்திருக்கும் வண்டியின் பெட்ரோல் வகை 9.5 லட்சம், டீசல் வகை 10.8 லட்சம் என்கிறார்கள். "டீசல் எடுத்தால் போட்ட பணத்தை எரிபொருளிலேயே எடுத்துவிடலாம்" என்று என் அண்ணன் வற்புறுத்துகிறார். எதை எடுப்பது?

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது 2012ஆம் ஆண்டில் மிகச் சரியான கணக்கு. அப்போது பெட்ரோல் விலையை எண்ணெய் நிறுவனங்களே தீர்மானித்துக்கொண்டிருந்தன, டீசல் விலையை அரசு பிடித்து வைத்திருந்தது. அந்த ஆண்டின் நடுவில் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு 30 ரூபாய் வரை வேறுபாடு இருந்ததால், கடைவீதிக்குப் போய்வர மட்டும் வண்டி வைத்திருந்தவர்கள்கூட டீசல் வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடும் விலக்கப்பட்டது. இப்போது நம் பக்கத்து பங்க்குகளில் வேறுபாடு ஏறக்குறைய 8 ரூபாய்தான். வேறுபாடு சுருங்கிவிட்டது, ஆனால் அந்தக் காலத்து வாய்ப்பாடு மட்டும் ஊரில் அப்படியே நின்றுவிட்டது.

காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 220 பள்ளி நாட்கள், நாளொன்றுக்கு 22 கிலோமீட்டர், ஆக 4,840. சேலத்துக்குப் போய்வர 180 என்று வைத்தால் பன்னிரண்டு மாதங்களுக்கு 2,160. கூட்டினால் சரியாக 7,000 கிலோமீட்டர். பெட்ரோல் 101 ரூபாய், வண்டி லிட்டருக்கு 16 கொடுக்கும் என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 31 காசு ஆகிறது. டீசல் 93 ரூபாய், வண்டி 20 கொடுக்கும் என்றால் 4 ரூபாய் 65 காசு. மிச்சம் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 66 காசு. உங்கள் ஓட்டத்துக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து மிச்சமாவது 11,600 ரூபாய்.

இனி அந்த மிச்சத்துக்காக முன்கூட்டிக் கொடுக்க வேண்டிய தொகையைப் பார்ப்போம். விலை வேறுபாடு 1.3 லட்சம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு படி இடையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி மாற்றப்பட்டபோது, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள புதிய கார்களுக்கு 13 சதவீதம் என்றும், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரையுள்ளவற்றுக்கு 18 சதவீதம் என்றும் வைக்கப்பட்டது. உங்கள் பெட்ரோல் வகை 10 லட்சத்துக்குள் நிற்பதால் வரி 1,23,500 ரூபாய். டீசல் வகை அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவதால் வரி 1,94,400 ரூபாய். வரியில் மட்டும் 70,900 ரூபாய் கூடுகிறது. ஆக, டீசலுக்காக நீங்கள் கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 2 லட்சம். ஆண்டுக்கு 11,600 வீதம் அதை மீட்க 17 ஆண்டுகள் ஆகும். அதற்குள் உங்கள் பிள்ளைகள் புது வண்டி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கடன் வாங்கித்தான் எடுக்கிறீர்கள் என்றால் அந்த 2 லட்சத்துக்கான வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

பணத்தைக்கூட ஒதுக்கி வைத்துவிடலாம். என்னைக் கேட்டால், உங்கள் ஓட்டத்தில் டீசல் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் அந்த 11 கிலோமீட்டர்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் சூடாகும். டீசல் இன்ஜின் காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கிறது. பெட்ரோல் இன்ஜின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே நெருக்கி, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் பற்ற வைக்கிறது. ருடால்ஃப் டீசல் 1892இல் காப்புரிமை கேட்டு, 1897இல் ஓட்டிக் காட்டிய இந்த முறையில் வெப்பம் வீணாவது குறைவு என்பதால்தான் மைலேஜ் கூடுகிறது. வெப்பம் வீணாவது குறைவு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: இன்ஜினும் அதன் புகைக்குழாயும் சூடேற அதிக நேரம் பிடிக்கும். வேகத்தடைகளும் சந்தை நாள் கூட்டமும் உள்ள பாதையில் 11 கிலோமீட்டர் ஓடி, இன்ஜின் நன்றாகச் சூடேறி வரும் சமயத்தில் நீங்கள் பள்ளி வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிடுவீர்கள். மாலையில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2020க்குப் பின் வந்த டீசல் வண்டிகளுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதை மூன்றாவது கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் பெட்ரோல் எடுங்கள். அண்ணனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: நான் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குத் தினமும் காரில் போய்வருகிறேன். போக 50, வர 50 கிலோமீட்டர். ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் கம்பெனி பஸ் எனக்கு ஒத்துவரவில்லை. மேலே சொன்னது போன்ற வண்டிதான் பார்க்கிறேன். எனக்கும் பெட்ரோல்தான் என்பீர்களா?

பதில்: இல்லை, உங்களுக்கு டீசல். ஆண்டுக்கு 280 நாள் வேலை என்றால் 28,000 கிலோமீட்டர். வீட்டு ஓட்டத்தையும் சேர்த்து 30,000 என்று கொள்வோம். அதே 1 ரூபாய் 66 காசு உங்களுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 50,000 ரூபாயாகத் திரண்டுவிடுகிறது. கூடுதலாகக் கொடுத்த 2 லட்சம் நான்கு ஆண்டுகளில் திரும்பிவிடும். டீசல் வகையும் 10 லட்சத்துக்குள் நிற்கிற வண்டியாகப் பார்த்தால் வரிப் படி மாறாது என்பதால் மூன்று ஆண்டுகளிலேயே திரும்பிவிடும். அதைவிட முக்கியம், நீங்கள் ஒரு மூச்சில் 50 கிலோமீட்டர் நான்குவழிச் சாலையில் ஓட்டுகிறீர்கள். டீசல் இன்ஜின் கேட்பது அதைத்தான். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்டுவிட்டு ஆலோசனை சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ஒருமுறை சாவி திருப்பினால் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்றும் கேட்க வேண்டும். நாள் முழுவதும் ஊருக்குள்ளேயே மூன்று மூன்று கிலோமீட்டராகச் சுற்றி ஆண்டுக்கு 20,000 ஓட்டுபவருக்கு நான் டீசல் சொல்ல மாட்டேன்.

இரண்டு செய்திகளை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முதலாவது, சிறிய வண்டிகளில் டீசல் தேடினால் கடைகளில் அதிகம் கிடைக்காது. 2020 ஏப்ரல் முதல் தேதியில் பி.எஸ்.6 எனப்படும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது, சிறிய டீசல் இன்ஜினுக்கு வேண்டிய புகைச் சுத்திகரிப்புக் கருவிகளின் செலவு கட்டுப்படியாகாது என்று மாருதி சுசுகி டீசலையே நிறுத்திவிட்டது. நான்கு மீட்டர் நீளத்துக்குள் இன்று டீசலோடு கிடைப்பவை பெரும்பாலும் சற்று உயரமான எஸ்.யூ.வி. வகை வண்டிகள். இரண்டாவது, சில டீசல் வண்டிகளுக்குப் புகையைச் சுத்தம் செய்ய ஆட்புளூ எனப்படும் யூரியாக் கரைசலைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது குறைந்தால் முதலில் எச்சரிக்கை வரும். அதையும் மீறி ஓட்டித் தீர்த்துவிட்டு நிறுத்தினால் வண்டி மறுபடியும் ஸ்டார்ட் ஆகாது. வயலுக்குப் போடுகிற யூரியாவை வாளியில் கரைத்து ஊற்றினால் ஆகாதா என்று சூளகிரி விவசாயி ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார். ஆகாது. தாது நீக்கிய நீரில் 32.5 சதவீதம் தூய யூரியா என்ற துல்லியமான கலவை அது; உர யூரியாவில் உள்ள மற்றப் பொருட்கள் புகைச் சுத்திகரிப்புக் கருவியை அடைத்துவிடும்.

கேட்காத கேள்விக்கு ஒரு வரி: தினமும் மாறாத 100 கிலோமீட்டர் ஓட்டமும் வீட்டிலேயே வண்டி நிறுத்தி சார்ஜ் போட இடமும் உள்ள உங்களைப் போன்றவர்கள் மின்சாரக் காரையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர்கள் தயாராகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு நான் இதைச் சொல்லாமல் விட்டால் முறையாக இருக்காது.

கேள்வி: தருமபுரி நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற அலுவலர் நான். 2021 மாடல் டீசல் கார் ஒன்றை ஆறு மாதங்களுக்கு முன் பழையதாக வாங்கினேன். கோயில், உழவர் சந்தை, பேரன் பள்ளி என்று ஊருக்குள்தான் ஓட்டம். இரண்டு வாரங்களாக டி.பி.எஃப். லைட் எரிகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா? அந்த ஃபில்டரையே கழற்றிவிடலாம் என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார்.

பதில்: விட்டுவிடவும் கூடாது, கழற்றவும் கூடாது. டி.பி.எஃப். என்பது புகைக்குழாயில் இருக்கும் துகள் வடிகட்டி. தேன்கூடு போன்ற பீங்கான் அறைகள் டீசல் புகையின் கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வைத்துக்கொண்டே இருந்தால் அடைத்துவிடும் அல்லவா? ஆகவே அவ்வப்போது இன்ஜின் கொஞ்சம் கூடுதலாக டீசலைத் தெளித்து, வடிகட்டியை ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடாக்கி, சேர்ந்த கரியை எரித்துச் சாம்பலாக்கிவிடும். அதற்கு வண்டி சீரான வேகத்தில் 15, 20 நிமிடம் ஓட வேண்டும். உங்கள் ஓட்டத்தில் அதற்கு வாய்ப்பே இல்லை. சூடேற்றத் தொடங்கும், நீங்கள் உழவர் சந்தையில் நிறுத்திவிடுவீர்கள். மறுபடி தொடங்கும், பேரனை ஏற்றிக்கொள்ள மறுபடி நிறுத்துவீர்கள்.

லைட் மினுக்காமல் நிலையாக எரிந்தால் இன்னும் கை மீறிவிடவில்லை. டேங்க்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, நெரிசலில்லாத நேரத்தில் கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையில் வண்டியை விடுங்கள். உயர்ந்த கியருக்குப் போகாமல் ஒரு கியர் குறைத்து, இன்ஜின் சுழற்சி 2,000க்குக் கீழே இறங்காதபடி, 60 முதல் 80 வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். காவேரிப்பட்டணம் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் லைட் அணைந்துவிடும். அணைந்ததும் உடனே நிறுத்தாமல் இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். ஊருக்குள் ஓட்டும்போது ஐடிலிங் சத்தம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தாலோ, நிறுத்திய பின்னும் ரேடியேட்டர் விசிறி ஓடினாலோ, சுடுநாற்றம் வந்தாலோ, எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். முடிந்தால் இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். லைட் மினுக்கத் தொடங்கினாலோ, வண்டி இழுவை குறைந்தாலோ நெடுஞ்சாலை வைத்தியம் பலிக்காது. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் இணைத்துத்தான் எரிக்க வேண்டும்.

இன்னொன்றையும் உங்கள் கையாலேயே பார்த்துவிடுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பின், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், ஆயில் கூடியிருக்கிறதே என்று மகிழ வேண்டாம். பாதியில் நின்றுபோன ஒவ்வொரு எரிப்பின்போதும் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. குச்சியை மோந்து பார்த்தால் டீசல் வாடை தெரியும். அப்படியென்றால் கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் உடனே ஆயிலை மாற்றுங்கள். நீர்த்த ஆயில் முதலில், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவைத்தான் கெடுக்கும்.

ஃபில்டரைக் கழற்றச் சொன்னவருக்கு என் பதில் சுருக்கமானது. வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. அதோடு, அந்தக் கரித்துகளைச் சுவாசிக்கப் போகிறவர்களில் முதல் ஆள் பள்ளி வாசலில் உங்களுக்காகக் காத்திருக்கும் பேரன்.

நானும் இதே தவறைச் செய்தவன்தான். சேலத்துக்குத் தினம் போய்வந்த காலத்தில், 2013இல் டீசல் கார் எடுத்தேன். எட்டு ஆண்டுகள் ஒரு குறையும் சொல்ல முடியாது. வேலையை விட்டு வீட்டோடு ஆன பிறகு, அதே வண்டியைப் பால் வாங்கவும் மருந்து வாங்கவும் எடுத்தேன். என் வண்டியில் இந்த வடிகட்டி கிடையாது, ஆனால் புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு உண்டு. ஒன்றரை ஆண்டில் அது தார் பூசியது போலக் கரி அப்பி ஒட்டிக்கொண்டது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன் என்பதால் யாரிடமும் சொல்லாமல் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றிச் சுத்தம் செய்தேன். வண்டியில் குறையில்லை, அதன் ஓட்டம் மாறிவிட்டது. உங்கள் வண்டியை நல்ல விலை கிடைக்கும்போதே நெடுந்தூரம் ஓட்டுபவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, சிறிய பெட்ரோல் வண்டிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு வத்தல்மலை அடிவாரம். மலைக்கும், தொப்பூர் கணவாய் வழியாகச் சேலத்துக்கும் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. ஏற்றத்துக்கு டீசல்தான் இழுக்கும், இறக்கத்திலும் டீசல் இன்ஜின்தான் பிடித்து நிறுத்தும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: முதல் பாதி பெரும்பாலும் உண்மை. 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் 250 நியூட்டன் மீட்டர் அளவிலான இழுவிசையை நிமிடத்துக்கு 1,500 சுழற்சியிலிருந்தே கொடுத்துவிடும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஏறக்குறைய 110தான் கொடுக்கும், அதையும் 4,000 சுழற்சியைத் தாண்டிய பிறகே முழுமையாகக் கொடுக்கும். ஐந்து பேரும் அரிசி மூட்டையுமாக வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது இந்த வேறுபாடு காலிலேயே தெரியும்: டீசல் இரண்டாவது கியரில் ஏறிவிடும், சிறிய பெட்ரோல் முதல் கியரைக் கேட்டு உறுமும். ஆனால் உறுமலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, அது சுழன்றால்தான் இழுக்கும் இன்ஜின். டர்போ வைத்த 1 லிட்டர் பெட்ரோல் வண்டிகள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிட்டன, ஏற்றத்தில் அவற்றின் மைலேஜ் மட்டும் மளமளவென்று இறங்கும்.

இரண்டாம் பாதி பழைய லாரிப் பேச்சிலிருந்து வந்தது. லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக ஒரு தடுப்பு உண்டு, பிடித்து நிறுத்துவது அதுதான். காரில் கதை வேறு. பெட்ரோல் வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வரும் வழி மூடிக்கொள்வதால், பிஸ்டன்கள் மூடிய வாயோடு மூச்சை இழுப்பது போலத் திணறி வண்டியைப் பின்னுக்கு இழுக்கின்றன. டீசல் இன்ஜினில் காற்று தாராளமாக உள்ளே போகிறது; நெருக்கிய காற்று ஸ்பிரிங் போலத் திரும்பத் தள்ளிவிடுகிறது. ஆகவே இறக்கத்தில் டீசல் கார் தனியாக எந்த வரமும் வாங்கி வந்ததில்லை.

எந்த இன்ஜினாக இருந்தாலும் தொப்பூரில் நியூட்ரலில் இறங்காதீர்கள். தருமபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கிச் சரியும் அந்தச் சில கிலோமீட்டரில், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி, அது சூடேறிப் பிடிக்காமல் போய் இரட்டைப் பாலத்தருகே நடந்த விபத்துகளை நாம் எல்லோரும் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதில் வேதனை என்னவென்றால், இன்றைய வண்டிகளில் நியூட்ரலால் மிச்சமே இல்லை. கியரில் விட்டுக் காலை எடுத்து இறங்கினால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதால் எரிபொருள் முற்றிலும் நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். ஏறும்போது எந்த கியர் தேவையோ அதே கியரில் இறங்குங்கள்.

கேள்வி: அரூர் கோபாலபுரம் பகுதியில் கரும்பு பயிரிடுகிறேன். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், மைலேஜ் குறைகிறது, அதனால் டீசலே மேல் என்று பேசிக்கொள்கிறார்கள். எங்கள் கரும்பிலிருந்து வருவதே எங்கள் வண்டிக்குக் கேடா?

பதில்: ஆலைக் கழிவுப்பாகிலிருந்தும் தானியத்திலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள், ஆகவே கரும்புக்கு அதில் பங்கு உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி பெட்ரோலில் உள்ளதைப் போல மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் கலப்பில்லாத பெட்ரோலைவிட 6, 7 சதவீதம் சக்தி குறையும். இதற்கு முன் 10 சதவீதம் கலந்து விற்றபோதே அதில் பாதியை நாம் இழந்துவிட்டிருந்தோம். எனவே 16 கொடுத்த வண்டி 15 அல்லது பதினைந்தரை கொடுக்கும். பாலக்கோட்டு ஆசிரியையின் கணக்கில் 16க்குப் பதிலாக 15 என்று போட்டுப் பார்த்தேன், 17 ஆண்டு 14 ஆண்டாகக் குறைந்தது. முடிவு மாறவில்லை.

2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான பெட்ரோல் கார்களின் குழாய்களும் சீல்களும் இந்தக் கலவையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களைச் சர்வீஸின்போது விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்; பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது என்பதால், வாரக்கணக்கில் எடுக்காத வண்டியில் டேங்க்கைக் காலியாக வைக்காதீர்கள்.

கேள்வி: பங்க்கில் என் டீசல் வண்டிக்குப் பெட்ரோல் அடித்துவிட்டார்கள். பத்து லிட்டர் போன பிறகுதான் கவனித்தேன். கொஞ்சம்தானே என்று மேலே டீசலை நிரப்பிக்கொண்டு ஓட்டலாமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: கூடவே கூடாது. சாவியைத் திருப்பவே வேண்டாம், ஏனெனில் சில வண்டிகளில் சாவியை முதல் நிலைக்குத் திருப்பினாலே டேங்க்கிலுள்ள பம்ப் ஓடத் தொடங்கிவிடும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, டேங்க்கை முழுவதும் வடித்துவிட்டு நிரப்புங்கள். டீசலுக்கு வழவழப்பு உண்டு. 1,600 பார், 2,000 பார் என்ற அழுத்தத்தில் வேலை செய்யும் பம்ப்புக்கும், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் அந்த வழவழப்புதான் எண்ணெய். பெட்ரோல் அதைக் கழுவிவிடும். உலோகம் உலோகத்தோடு உரசி உதிரும் பொடி, இன்ஜெக்டர் வரைக்கும் போய்விட்டால் செலவு லட்சத்தைத் தொடும். பெட்ரோல் வண்டிக்கு டீசல் அடித்துவிட்டால் சேதம் இவ்வளவு இருக்காது, புகைந்து நின்றுவிடும். அதையும் வடித்துத்தான் ஓட்ட வேண்டும். மூடியின் உட்புறம் பெரிய எழுத்தில் எரிபொருள் பெயரை ஒட்டி வைப்பதும், வண்டியிலிருந்து இறங்கி நிற்பதும் காசில்லாத காப்பீடு.

கேள்வி: ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி சென்று கர்நாடக டீசல் போட்டுவந்தால் லாபமா? தரம் எப்படி?

பதில்: தரம் ஒன்றுதான், இரு மாநிலத்திலும் பி.எஸ்.6 டீசல். வேறுபாடு மாநில வரியால் வருவது. 2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் கர்நாடகம் டீசல் மீதான விற்பனை வரியை உயர்த்திய பின் அந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிட்டது. பெங்களூரு போகும் வழியில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கென்றே போனால் மிச்சம் பிடித்தது போய்வரும் செலவிலேயே கரைந்துவிடும்.

கேள்வி: ஊத்தங்கரையில் இருக்கிறேன். 2012இல் வாங்கிய 1.3 லிட்டர் டீசல் கார், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டீசல் வண்டிக்குப் பத்தாண்டுதான் ஆயுள், பறிமுதல் செய்துவிடுவார்கள் என்று தரகர் ஒருவர் சொல்லி, மிகக் குறைந்த விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: தரகர் டெல்லிக் கதையை ஊத்தங்கரையில் விற்கிறார். டீசலுக்குப் பத்தாண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்தாண்டு என்பது டெல்லி தலைநகர் வட்டாரத்துக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் பிறப்பித்த ஆணை. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதிசெய்தது. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. இங்கே சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, தகுதிச் சான்று பெற்று, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த வேலை 2027இல்தான் வருகிறது.

உங்கள் வண்டியின் 1,248 சி.சி. இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. வெவ்வேறு கம்பெனி வண்டிகளில் லட்சக்கணக்கில் ஓடியதால் உதிரிபாகத்துக்கு இன்னும் பஞ்சமில்லை. அதில் கேட்க வேண்டியது ஒரு சத்தம்தான். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து, வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் இருக்கும் பக்கமாகக் காதை வையுங்கள். டீசலுக்கே உரிய கடகடப்போடு, சில்லறைக் காசைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது போன்ற சலசலப்பு இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் நீடித்தால் செயின் தளர்ந்திருக்கிறது. அதை மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசலாம். அந்தச் சலசலப்பு இல்லை, புகைப் பரிசோதனையிலும் தேறுகிறது என்றால் வண்டி உங்களிடமே இருக்கட்டும்.